ஆட்டக்காரர்களை இழந்த கல்லூரிக் குழு



தோட்டத்துக் காற்பந்துக் குழு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை. பக்கத்துத் தோட்டத்தோடு ஆட்டம். வாரம் முழுவதும் விடியற்காலையில் பெரட்டுக்கு நின்ற பையன்கள்தாம் அன்று சட்டையில் எண் தைத்துக்கொண்டு திடலில் இறங்குவார்கள். கோல் காவலருக்குப் பட்டணத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். நடுவில் நின்று பந்தை வாங்கிப் பிரித்துக் கொடுப்பவருக்குக் கணுக்காலில் அடி. என்ன செய்வோம்? கோட்டோரம் குந்திக்கொண்டு வேடிக்கை பார்க்கும் தம்பிகளில் ஒருவனைப் பார்த்து, "டேய், நீ இறங்குடா" என்போம். இரண்டு பேர் குறைந்தால் இரண்டு தம்பிகள். நான்கு பேர் குறைந்தால், வயதானாலும் பரவாயில்லை என்று கிராணியாரைக் கூப்பிட்டுப் பார்ப்போம். அவரும் பழைய நினைப்பில் ஓடி வருவார்!

சரி, குழுவே போய்விட்டால்?

கேட்கவே மனம் கூசும் கேள்விதான். ஆனால் 1970-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் இந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டிய நிலைக்கு வந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் மார்ஷல். அது இருக்கும் ஊர் ஹண்டிங்டன், மாநிலம் மேற்கு வர்ஜீனியா.

மேற்கு வர்ஜீனியா என்றால் நிலக்கரி. மலையைக் குடைந்து கரி எடுப்பவர்களின் மாநிலம் அது. அந்தச் சுரங்கத் தொழிலாளர்களின் பழைய வாழ்க்கையைச் சொன்னால் உங்களுக்கு அந்நியமாகத் தெரியாது. கம்பெனி கட்டிக் கொடுத்த ஒரே மாதிரியான வீடுகள் வரிசையாக நின்றன. கம்பெனி நடத்திய கடையில்தான் சாமான். பல இடங்களில் கூலியைக்கூடக் கம்பெனிக் கடையில் மட்டும் செல்லும் வில்லைகளாகக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. நம் லயத்து வீடுகளையும் தோட்டத்துக் கடையையும் அறிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. ஹண்டிங்டன் அந்தக் கரி நாட்டின் ஓரத்தில், ஒஹையோ ஆற்றங்கரையில், 1871-இல் இரயில் பாதைக்காக எழுந்த நகரம். அங்கே சனிக்கிழமை மாலைகளில் ஊரை ஒன்று கூட்டுவது பல்கலைக்கழகத்தின் காற்பந்து ஆட்டம்.

காற்பந்து என்று சொன்னோம். இங்கே சற்று நிற்க வேண்டும். அமெரிக்கர் காற்பந்து என்று சொல்வது நாம் ஆடும் பந்தன்று. அவர்களுடைய பந்து இரண்டு முனையும் கூரான முட்டை வடிவம். அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடலாம், எறியலாம். பக்கத்துக்குப் பதினொருவர். பந்து வைத்திருக்கும் குழுவுக்கு நான்கு வாய்ப்பு. அந்த நான்குக்குள் பத்து கஜம் முன்னேறினால் மேலும் நான்கு வாய்ப்பு. முன்னேறாவிட்டால் பந்து எதிரிக்குப் போய்விடும். எதிர்ப்பக்கத்து எல்லைக்குள் பந்தைக் கொண்டு சேர்த்தால் ஆறு புள்ளி. தலையில் கவசம், தோளில் கவசம். பாதி மல்யுத்தம், பாதி சடுகுடு என்று வைத்துக்கொள்ளுங்கள். குவாட்டர்பேக் என்று ஒருவர் உண்டு. ஒவ்வொரு வாய்ப்பிலும் பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும். அதை ஓடுபவரிடம் கொடுப்பதா, தூர எறிவதா, தாமே கொண்டு ஓடுவதா என்று கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவு செய்பவர் அவர். பந்தைத் தாக்கிக் கொண்டுபோகும் பதினொருவர் வேறு, எதிரியைத் தடுக்கும் பதினொருவர் வேறு. ஆகவே ஒரு குழுவுக்கு ஏராளமான ஆட்கள் தேவை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். தொழில்முறைக் குழு ஆட்டக்காரரை இழந்தால் பணம் கொடுத்து வேறு ஆளை வாங்கலாம். மென்செஸ்டர் யுனைடெட் பெயரை அறியாத வீடு நம்மில் இருக்காது. 1958 பிப்ரவரியில் மியூனிக் நகரில் அவர்கள் சென்ற விமானம் விழுந்து 23 பேர் இறந்தார்கள். அவர்களில் எட்டுப் பேர் ஆட்டக்காரர்கள். பதின்மூன்று நாள் கழித்து அந்தக் குழு அடுத்த ஆட்டத்துக்கு இறங்கியது. விற்பனைக்கு வந்த ஆட்டத் தாளில் அவர்கள் பக்கத்துப் பெயர்களுக்கு நேரே வெற்றிடம் விட்டிருந்தார்கள். யார் ஆடுவார் என்பது அச்சிடும் நேரத்தில் தெரியவில்லை. இடையில் இரண்டு ஆட்டக்காரர்களை வேறு குழுக்களிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். அதில் ஒருவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது அன்று மாலையே!

கல்லூரிக்கு அந்த வசதி அன்று இல்லை. அங்கே ஆட்டக்காரர் என்பவர் மாணவர். நான்கு ஆண்டு படிப்பார், பட்டம் வாங்குவார், போய்விடுவார். அப்படியானால் எந்தக் கல்லூரிக் குழுவும் ஆண்டுதோறும் தன் நல்ல ஆட்டக்காரர்களில் ஒரு பகுதியை இழந்துகொண்டேதான் இருக்கிறது. எப்படித் தாக்குப் பிடிக்கிறது? ஏணிபோல. நான்காம் ஆண்டுக்காரர் இறங்கிப் போகும்போது மூன்றாம் ஆண்டுக்காரர் மேலே வருவார். அவருக்குக் கீழே இரண்டாம் ஆண்டுக்காரர் காத்திருப்பார். முதலாம் ஆண்டு மாணவருக்கு அக்காலத்து விதிப்படி பெரிய குழுவில் இடமே கிடையாது. அவர்கள் தனியாகச் சின்னக் குழுவாக ஆடிப் பழக வேண்டும். பால்மரத் தோட்டத்தில் பழைய மரத்தை வெட்டும் முன்பே இன்னொரு பக்கம் கன்று நட்டு வளர்த்துக்கொண்டு வருவதுபோல என்று சொல்லலாம். கன்று மரமாகிக் கத்தி வைக்க ஐந்தாறு ஆண்டாகும். ஒரே சமயத்தில் எல்லா மரமும் போய், கன்று மட்டும் மிஞ்சினால் தோட்டம் எப்படி நடக்கும்?

மார்ஷலுக்கு நடந்தது அதுதான்.

1970 நவம்பர் 14. சனிக்கிழமை. மார்ஷல் குழு வட கரோலினா மாநிலத்துக்குப் போய் கிழக்குக் கரோலினாப் பல்கலைக்கழகத்தோடு ஆடியது. 17-க்கு 14 என்று தோற்றது. மூன்று புள்ளித் தோல்வி அந்தக் குழுவுக்குப் பெரிய அவமானமன்று. ஏனென்றால் 1960-களின் பிற்பகுதியில் தொடர்ந்து 27 ஆட்டங்கள் வெற்றியே காணாமல் இருந்த குழு அது. ரிக் டாலி என்ற பயிற்சியாளரின் கையில் இப்போதுதான் தலை நிமிர்ந்து வந்துகொண்டிருந்தது.

வழக்கமாகப் பேருந்தில் போகும் குழு, தூரம் கருதி அன்று வாடகை விமானத்தில் போயிருந்தது. ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர்கள், குழுவுக்கு ஆதரவு தந்த ஊர்ப் பெரியவர்கள், டாக்டர்கள், அவர்களுடைய மனைவிமார் என்று விமானம் நிறைந்திருந்தது. இரவு ஏழரை மணி தாண்டி, மழையும் மூடுபனியுமாக இருந்த நேரத்தில், ஹண்டிங்டன் விமான நிலையத்தின் ஓடுபாதைக்குச் சுமார் ஒரு மைல் முன்பாகவே விமானம் தாழ்ந்து வந்து, குன்றின் மேலிருந்த மரங்களில் மோதி விழுந்தது. உள்ளே இருந்த 75 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. 37 பேர் ஆட்டக்காரர்கள். ரிக் டாலியும் உதவிப் பயிற்சியாளர்கள் ஐவரும் இறந்தார்கள்.

ஏன் விழுந்தது? அரசாங்கம் விசாரணை நடத்தியது. ஓடுபாதை கண்ணுக்குத் தெரியும்வரை இறங்கக் கூடாத உயரத்துக்கும் கீழே விமானம் இறங்கிவிட்டது என்று விசாரணைக் குழு சொன்னது. ஏன் அப்படி இறங்கினார்கள் என்பதை அவர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உயரம் காட்டும் கருவியில் தவறு இருந்திருக்கலாம், அல்லது கருவி காட்டியதைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம் என்றார்கள். விமானம் இறங்க வேண்டிய சரிவை விமானிக்குக் காட்டும் சாதனம் அந்த நிலையத்தில் அப்போது இல்லை.

அந்தச் செய்தியை வானொலியில் கேட்டவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயர் ரெட் டாசன். குழுவின் உதவிப் பயிற்சியாளர். அடுத்த ஆண்டுக்கு ஆள் பார்ப்பதற்காக அவரும் இன்னொரு பயிற்சியாளரும் ஆட்டம் முடிந்ததும் காரில் வேறு ஊருக்குக் கிளம்பியிருந்தார்கள். அந்த இன்னொருவர் போகும்போது விமானத்தில் வந்தவர். காரில் வந்த வேறொருவரோடு இடம் மாற்றிக்கொண்டார். இடம் மாறி விமானத்தில் ஏறியவர் திரும்பவில்லை. காரில் இருந்த வானொலிதான் டாசனுக்கு விபத்தை அறிவித்தது. தம் கையால் ஊர் ஊராகப் போய், தாய் தகப்பனிடம் பேசி, "உங்கள் பிள்ளையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று அழைத்து வந்த பையன்கள் அல்லவா? ஆள் சேர்ப்பது அவர் வேலை. அந்த வேலையின் பாரம் அன்று எப்படி இறங்கியிருக்கும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பையன்களில் நால்வர் அலபாமா மாநிலத்தின் டஸ்கலூசா என்ற ஊரிலிருந்து வந்த கறுப்பின இளைஞர்கள். டஸ்கலூசாவிலேயே புகழ்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்று உண்டு. காற்பந்தில் நாடறிந்த குழு அது. ஆனால் அவர்கள் பள்ளி முடித்த காலத்தில் அந்தக் குழுவில் ஒரு கறுப்பினத்தவர்கூட இல்லை. சொந்த ஊரில் கதவு அடைத்திருந்ததால் தொலைதூரத்துக்கு வந்தவர்கள். நால்வரும் அந்த விமானத்தில் இருந்தார்கள். அவர்களைப் பின்பற்றி அதே ஊரிலிருந்து 1970-இல் வந்து சேர்ந்த ஐந்தாவது இளைஞர் ரெஜி ஆலிவர். முதலாம் ஆண்டு மாணவர் என்பதால் அவர் பெரிய குழுவோடு பயணம் போகவில்லை. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் எப்படி இருந்திருக்கும்! எழுபது பிள்ளைகள் தாயையோ தகப்பனையோ இழந்தார்கள். பதினெட்டுப் பிள்ளைகளுக்கு இருவருமே இல்லாமல் போனார்கள். ஆட்டக்காரர்களில் ஆறு பேரின் உடலை இன்னாருடையது என்று அடையாளம் காணவே முடியவில்லை. அந்த ஆறு பேரையும் ஊரின் மேட்டிலுள்ள ஸ்பிரிங் ஹில் கல்லறைத் தோட்டத்தில் அடுத்தடுத்து அடக்கம் செய்தார்கள். பருவத்தின் கடைசி ஆட்டம் கைவிடப்பட்டது.

பெரிய குழுவில் மிஞ்சியவர்கள் ஒரு கை விரலுக்குள். கையில் அடிபட்டதால் பயணம் போகாத நேட் ரஃபின், காலில் அடிபட்ட இன்னொருவர், தகப்பனார் இறந்து ஊருக்குப் போயிருந்த மற்றொருவர். இவர்கள் போக ஆலிவரைப் போன்ற முதலாம் ஆண்டுப் பையன்கள். ஏணியில் மேல் மூன்று படிகள் முறிந்துவிட்டன. கீழ்ப்படி மட்டும் நிற்கிறது.

இனிக் காற்பந்து வேண்டுமா என்ற பேச்சு எழுந்தது. வேண்டாம் என்றவர்களைக் குறை சொல்ல முடியாது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்கு அருகில் அதே பச்சை வெள்ளைச் சட்டையோடு வேறு பிள்ளைகள் ஓடுவதைப் பார்க்க யாருக்கு மனம் வரும்? ஆடத்தான் வேண்டும் என்றவர்களுக்கும் காரணம் இருந்தது. நிறுத்தினால் இறந்தவர்களோடு அவர்களுடைய குழுவையும் புதைத்ததாகிவிடும் என்று அவர்கள் எண்ணினார்கள். எங்களைக் கேட்டால், இரண்டில் எது சரி என்று தூரத்தில் இருந்துகொண்டு தீர்ப்புச் சொல்வது எளிதன்று. ஆனால் மார்ஷல் உடனே ஓடிப்போய்த் திடலில் இறங்கவில்லை. பத்து மாத இடைவெளி விட்டது. அது நல்லதென்றே தோன்றுகிறது.

ஏன் அப்படிச் சொல்கிறோம் என்றால், அதே ஆண்டில் இன்னொரு குழுவுக்கும் இதே துயரம் நேர்ந்திருந்தது. விச்சிட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆட்டக்காரர்கள் இரண்டு விமானங்களில் போனார்கள். அக்டோபர் 2-ஆம் தேதி அதில் ஒன்று கொலராடோ மலையில் மோதி 31 பேர் இறந்தார்கள். 14 பேர் ஆட்டக்காரர்கள். மிஞ்சியவர்கள் வாக்கெடுத்து, ஆடுவது என்று முடிவு செய்து, அதே மாதம் 24-ஆம் தேதி ஆர்கன்சாஸ் என்ற பலம் பொருந்திய குழுவை எதிர்த்து இறங்கினார்கள். 62-க்கு 0 என்று தோற்றார்கள். அவர்களுடைய துணிவைப் பற்றி நமக்கு ஐயமில்லை. ஆனால் மூன்று வாரத்தில் ஆறும் காயமா அது?

மார்ஷலில் அப்போது தற்காலிகத் தலைவராக இருந்தவர் டொனால்ட் டெட்மன். அவர் செய்த காரியந்தான் குழு மறுபடி எழுவதற்கு அடிப்படை. கல்லூரி விளையாட்டை ஆளும் தேசியச் சங்கத்திடம் போனார். முதலாம் ஆண்டு மாணவர்களைப் பெரிய குழுவில் ஆட அனுமதிக்க வேண்டும் என்று கேட்டார். 1970-இல் சேர்ந்த ஆலிவர் போன்றோர் 1971-இல் இரண்டாம் ஆண்டுக்கு வந்துவிடுவார்கள். அவர்களுக்குத் தடையில்லை. ஆனால் அவர்கள் மட்டும் போதாதே! 1971-இல் புதிதாகச் சேரும் பிள்ளைகளும் வந்தால்தான் ஆள் கணக்கு சரியாகும். சங்கம் விதியைத் தளர்த்தியது. மறு ஆண்டு, 1972-இல், எல்லாக் கல்லூரிகளுக்கும் அந்த விதியே நீக்கப்பட்டது என்பது தனிக் கதை.

அடுத்து, பயிற்சியாளர். இந்த வேலைக்கு யார் வருவார்? முதலில் ஏற்றுக்கொண்ட ஒருவர் சில நாளிலேயே திரும்பிப் போய்விட்டார். அவரையும் நாம் குறைத்துப் பேசமாட்டோம். பிறகு 1971 மார்ச்சில் வந்தவர் ஜாக் லெங்கியல். ஒஹையோ மாநிலத்தில் வூஸ்டர் என்னும் சிறிய கல்லூரியில் பயிற்சியாளராக இருந்தவர். ரெட் டாசன் ஓராண்டு மட்டும் உடன் இருப்பதாக ஒப்புக்கொண்டார்.

லெங்கியல் வந்ததும் கையில் இருப்பதை எண்ணிப் பார்த்தார். அனுபவசாலிகள் இல்லை. எடை மிக்க ஆட்கள் இல்லை. யார் வேண்டுமானாலும் வந்து முயன்று பார்க்கலாம் என்று மாணவர்களுக்கு அறிவித்தார். கூடைப்பந்து ஆடியவர்கள் வந்தார்கள். பள்ளிக்கூடத்தோடு காற்பந்தை விட்டவர்களும் வந்தார்கள். இவர்களை வைத்துக்கொண்டு எந்த ஆட்டத்தை ஆடுவது?

இந்த இடந்தான் நாங்கள் மிகவும் விரும்பிப் படித்த இடம். அவர் முதலில் நினைத்திருந்த ஆட்டமுறை பலத்தை நம்பியது. முன்வரிசையில் நிற்கும் ஆட்கள் எதிரியைத் தள்ளி வழி உண்டாக்க வேண்டும். பதினெட்டு வயதுப் பையன், இருபத்திரண்டு வயது ஆளைத் தள்ள முடியுமா? முடியாது. ஆகவே "வீர்" என்ற வேறு முறைக்கு மாறினார். அதன் சூட்சுமம் இதுதான். எதிரிகளில் ஒருவரை வேண்டுமென்றே யாரும் தடுக்காமல் விட்டுவிடுவார்கள். பந்து வைத்திருக்கும் குவாட்டர்பேக் அந்த ஓர் ஆளை மட்டும் பார்த்துக்கொண்டே ஓடுவார். அவர் குவாட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்தால் பந்து பக்கத்தில் ஓடுபவரிடம் போகும். ஓடுபவரை நோக்கிப் பாய்ந்தால் குவாட்டர்பேக்கே பந்தோடு ஓடிவிடுவார். அந்த எதிரி எதைச் செய்தாலும் தவறாகத்தான் முடியும். எவ்வளவு பலசாலியாக இருந்து என்ன பயன்? சடுகுடு ஆட்டத்தில் பெரிய உடம்புக்காரரை ஒல்லிப் பையன் திணறடிப்பதைப் பார்த்திருக்கிறோமே, அதுபோல. தள்ளும் வேலை ஒன்று குறைந்தது, பார்த்து முடிவு செய்யும் வேலை ஒன்று கூடியது.

அந்த முறையைக் கற்பதற்கு ஆள் வேண்டும். அதே மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழகமான மேற்கு வர்ஜீனியாவில் பாபி பௌடன் அப்போது பயிற்சியாளர். பிற்காலத்தில் அமெரிக்காவின் தலைசிறந்த பயிற்சியாளர்களில் ஒருவராகப் பேர் எடுத்தவர். லெங்கியலும் அவருடைய உதவிப் பயிற்சியாளர்களும் அவரிடம் உதவி பெற்றார்கள். பௌடன் தம் குழுவின் ஆட்டக் குறிப்புகளையும் ஆட்டப் படங்களையும் திறந்து காட்டினார். நேயர்களே, ஒரு குழுவின் ஆட்டக் குறிப்பு என்பது வீட்டுச் சாவி மாதிரி. யாரும் வெளியாளிடம் கொடுப்பதில்லை. அவர் கொடுத்தார்.

"இளம் மந்தை" என்ற பொருளில் அந்தக் குழுவுக்குப் பெயர் ஏற்பட்டது. மார்ஷல் குழுவின் பழைய பட்டப்பெயர் இடியென முழங்கி ஓடும் மந்தை. முன்னால் "இளம்" என்று ஒரு சொல்லைச் சேர்த்தார்கள். நேட் ரஃபின் தலைவர்களில் ஒருவர். ரெஜி ஆலிவர் குவாட்டர்பேக்.

1971 செப்டம்பர் 18-இல் முதல் ஆட்டம், வெளியூரில். 29-க்கு 6 என்று தோல்வி. அடுத்த வாரம், 25-ஆம் தேதி, சொந்தத் திடலில் சேவியர் பல்கலைக்கழகத்தோடு ஆட்டம். விபத்துக்குப் பிறகு ஹண்டிங்டன் மக்கள் தங்கள் குழுவைத் தங்கள் ஊரில் பார்த்தது அன்றுதான். ஆட்டம் முடியும் தறுவாயில் மார்ஷல் 13-க்கு 9 என்று பின்தங்கி நின்றது. கடைசி வாய்ப்பு. எல்லைக்கு 13 கஜம் இருக்கிறது. ஆலிவர் பந்தை வாங்கிக்கொண்டு ஒரு பக்கமாக ஓடினார். எதிரிகள் அனைவரும் அந்தப் பக்கம் திரண்டார்கள். அவர் திரும்பி மறுபக்கம் எறிந்தார். அங்கே டெரி கார்ட்னர் தனியாக நின்று பந்தைப் பிடித்தார். முன்னால் இருந்தவர்கள் வழி உண்டாக்க, எல்லைக்குள் ஓடினார். நேரம் முடிந்தது. 15-க்கு 13.

டஸ்கலூசாவிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள் என்று சொன்னோம் அல்லவா? அந்தப் பந்தை எறிந்தவர் மிஞ்சிய ஐந்தாமவர்.

இங்கே கதையை நிறுத்திவிட்டால் இனிப்பாக இருக்கும். 2006-இல் இதைத் திரைப்படமாக எடுத்தவர்கள் ஏறக்குறைய அங்கேதான் நிறுத்தினார்கள். படம் படந்தான், அதில் கற்பனையும் கலந்திருக்கிறது. ஆனால் மார்ஷலின் உண்மைக் கதை அந்த மாலைக்குப் பிறகுதான் கடினமாகிறது. அதே பருவத்தில் மயாமி என்ற ஒஹையோப் பல்கலைக்கழகத்திடம் 66-க்கு 6 என்று தோற்றார்கள். அக்டோபர் 30-இல் பௌலிங் கிரீன் குழுவை 12-க்கு 10 என்று வென்றார்கள். பருவம் முடிந்தபோது பத்து ஆட்டத்தில் வெற்றி இரண்டு, தோல்வி எட்டு. டாசன் சொன்னபடி ஓராண்டு இருந்தார். பிறகு பயிற்சி வேலையையே விட்டுவிட்டுக் கட்டடத் தொழிலுக்குப் போய்விட்டார். அதே ஊரில்தான் வாழ்ந்தார்.

லெங்கியல் நான்கு ஆண்டு இருந்தார். கணக்கைப் பாருங்கள். முதல் இரண்டு ஆண்டும் இரண்டு இரண்டு வெற்றி. 1973-இல் நான்கு. 1974-இல் ஒன்றே ஒன்று. ஏன் 1973 சற்று மேலாக இருந்தது? 1970-இல் சேர்ந்த பையன்கள் அந்த ஆண்டில்தான் நான்காம் ஆண்டுக்கு வந்தார்கள். சின்னக் குழுவில் இருந்ததால் உயிரோடு இருந்தவர்கள், மூன்று ஆண்டு அடிபட்டு, மிதிபட்டு, பெரியவர்களானார்கள். அவர்கள் பட்டம் வாங்கிப் போனதும் மறுபடியும் சரிவு. ஏணி ஒருமுறை முறிந்தால் அதன் பள்ளம் பல ஆண்டு தெரிகிறது. தம்பிக்குச் சொல்லிக் கொடுக்க அண்ணன் இருந்தால்தானே அடுத்த தம்பிக்கு அவன் சொல்லிக் கொடுப்பான்? நான்கு ஆண்டில் லெங்கியலின் கணக்கு ஒன்பது வெற்றி, 33 தோல்வி. வேறு இடமாக இருந்தால் இந்தக் கணக்கைக் காட்டி எள்ளி நகையாடியிருப்பார்கள். ஹண்டிங்டன் மக்கள் அவரை மறக்கவில்லை.

வெற்றி தோல்வியை விட அதிகமாக இருந்த பருவம் ஒன்றை மார்ஷல் 1984-இல்தான் கண்டது. ஆறு வெற்றி, ஐந்து தோல்வி. அதற்கு முன் அப்படி ஒரு பருவம் 1964-இல். விபத்துக்குப் பின் பதினான்கு ஆண்டு! 1992-இல் தன் பிரிவில் தேசிய வெற்றியாளரானது. 1996-இல் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல், பதினைந்தையும் வென்று மறுபடி வெற்றியாளரானது. அந்த ஆட்டங்களில் ஓடிய பிள்ளைகளில் பெரும்பாலோர் விபத்து நடந்தபோது பிறக்கவே இல்லை.

மற்ற இரண்டு குழுக்களின் கதையையும் சொல்லிவிடுகிறோம். அன்று கடைசி நொடியில் தோற்ற சேவியர், 1973-ஆம் ஆண்டுப் பருவத்தோடு காற்பந்தை விட்டுவிட்டது. மூன்று வாரத்தில் எழுந்து ஆடிய விச்சிட்டா மாநிலப் பல்கலைக்கழகம் 1986 வரை ஆடி நிறுத்திக்கொண்டது. பணக் கஷ்டந்தான் பெரும்பாலும் காரணம். விபத்தில் முறியாத குழுவைச் செலவுக் கணக்கு முறித்துவிடுவதும் உண்டு.

மார்ஷல் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு நீரூற்று இருக்கிறது. ஹாரி பெர்டோயா என்ற சிற்பி செய்தது. 1972 நவம்பர் 12-இல் திறந்தார்கள். ஆண்டுதோறும் நவம்பர் 14-ஆம் தேதி ஊர் மக்களும் மாணவர்களும் ஆட்டக்காரர்களும் அங்கே கூடி மலர் வளையம் வைப்பார்கள். பிறகு நீரூற்றை நிறுத்துவார்கள். பனிக்காலம் முழுவதும் அது வறண்டே நிற்கும். வசந்தத்தில் குழு பயிற்சிக்குத் திரும்பும் சமயம் தண்ணீரை மறுபடி திறந்துவிடுவார்கள்.